செங்கண்மாரி என்று விட்டுவிடலாமா? குருதி நோயுள்ள பிள்ளைகளும் பித்தக்கல்லும்

அண்மையில் வன்னியில் ஒரு தாயோடு வைத்தியசாலைக்குப் போயிருந்தேன். அவரது மகளுக்கு 11 வயது. பிறப்பிலேயே தலசீமியா. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குருதி ஏற்றுவார்கள். சாப்பிட்ட பிறகு வயிற்றின் வலது மேற்பக்கம் நோகுது என்று பிள்ளை ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு வாயு என்றார்கள். கண் மஞ்சளானதும் செங்கண்மாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கற்கள்.

"சின்னப் பிள்ளைக்கும் பித்தக்கல் வருமோ தம்பி?" என்று தாய் கேட்டார்.

வரும். செங்குருதிக் கலமொன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். தலசீமியா, அரிவாள் உருக் கல நோய் போன்ற பரம்பரை நோய்களில் அவை அதற்கு வெகு முன்பே சிதைகின்றன. சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். அளவு மிஞ்சும்போது அது பித்தப்பையில் படிந்து கருங்கற்களாகிறது. கொழுப்புச் சாப்பாட்டால் வரும் கல் அல்ல இது. ஆகவே தாய் கொடுத்த சாப்பாட்டில் குற்றமில்லை.

இலங்கையில் ஹீமோகுளோபின் ஈ–பீட்டா தலசீமியா உள்ள நோயாளிகள் கணிசமாக உள்ளனர். அவர்களில் சிலருக்கு மட்டும் மஞ்சளும் கல்லும் ஏன் அதிகம் என்பதை இலங்கை, ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2001இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிலிருபினை வெளியேற்ற உதவும் நொதியின் மரபணுவில் உள்ள ஒரு மாற்றமே அதற்குக் காரணம். எங்கள் நாட்டு நோயாளிகளிடமிருந்தே கிடைத்த அறிவு இது. ஆனால் கிராமத்துத் தாய்மாரிடம் இன்னும் வந்துசேரவில்லை.

குருதி ஏற்றும் நாளில் ஹீமோகுளோபினைப் பார்க்கிறார்கள், உடலில் தேங்கும் இரும்பையும் பார்க்கிறார்கள். வயிற்றைப் பற்றிக் கேட்க ஆளில்லை. ஸ்கேன் வலியில்லாத பரிசோதனை. இந்தப் பிள்ளைகளுக்கு அதைக் காலத்துக்குக் காலம் செய்யும் ஒழுங்கு எல்லா மாவட்டங்களிலும் வேண்டும். நோவு தரும் கல்லென்றால் சிறுதுளைச் சத்திரசிகிச்சை மூலம் பித்தப்பையை அகற்றலாம். அது முன்கூட்டியே திட்டமிட்டு, குருதி நோய் வைத்தியரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. நள்ளிரவு அவசரமாக அது மாறுவதற்குத்தான் நாங்கள் பயப்படவேண்டும். நோவோடு காய்ச்சல், வழமையைவிடக் கூடிய மஞ்சள், வெளிறிய மலம், தேநீர் நிறச் சிறுநீர் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

அந்தத் தாய் இன்னொன்றும் சொன்னார். அவரது மூத்த பிள்ளை 2008இல் இடப்பெயர்வுக்குள் "இரத்தம் இல்லாமல்" செத்துப்போனது. என்ன நோயென்று எவரும் சொல்லவில்லை. இருந்த கிளினிக் துண்டும் பதுங்குகுழியோடு போய்விட்டது. அந்தத் துண்டு கையில் இருந்திருந்தால் பெற்றோர் இருவரும் நோய்க்காவிகளா என்று அடுத்த பிள்ளைக்கு முன்பே பரிசோதித்திருக்கலாம். இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 வீதம்.

இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார அமைப்பு 2016இல் சான்று தந்தது. இந்த மரபணுக்கள் உலகில் பரவியதே, அவற்றைக் காவியவர்களை மலேரியா அவ்வளவாகக் கொல்லாததால்தான். மலேரியா போய்விட்டது, மரபணு எங்கள் உடம்பில் இருக்கிறது. குறிப்பேடுகளைப் போர் தின்றுவிட்ட வீடுகளில் அதைத் தேடிக் கண்டறிவது சுகாதாரத் துறையின் கடமை. கலியாணப் பேச்சில் சாதகத்தோடு குருதிப் பரிசோதனையையும் கேட்பது எங்கள் கடமை.

பிள்ளையின் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். தாய் இப்போது எல்லாத் துண்டுகளையும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார்.