புலம்பெயர் பறவைகள் விருந்தாளிகளா?

இலங்கையின் பறவை வளம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே கணக்கையே முன்வைக்கின்றனர். உலகில் வேறெங்குமின்றி இத்தீவுக்கே உரியனவாக முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன என்பதே அக்கணக்கு. அவற்றுட் பெரும்பாலானவை சிங்கராஜ வனம், மத்திய மலைநாடு முதலான ஈரவலயப் பகுதிகளில் வாழ்வன. 2001ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டு 2004ஆம் ஆண்டில் விஞ்ஞான முறைப்படி விவரிக்கப்பட்ட சிறிய ஆந்தையொன்றும் அவற்றுள் அடங்கும். இப்பெருமை நியாயமானதே. ஆயின், அதனையே ஒரே அளவுகோலாகக் கொள்ளும்போது வரண்ட வலயக் கரையோரம் முழுவதும் வெறுநிலமாகத் தோற்றமளிக்கின்றது. தவறு இங்குதான் தொடங்குகின்றது.

மன்னார்த் தீவும் வங்காலையும் கட்டுக்கரைக் குளமும் பூநகரிக் கரையும் சுண்டிக்குளமும் இத்தீவுக்கே உரிய இனங்களாற் சிறப்புற்றவை அல்ல. மத்திய ஆசியப் பறக்கும் பாதையின் தெற்கு முனையை அண்டி அமைந்தமையே அவற்றின் சிறப்பு. வடகீழ்ப் பருவமழை களப்புகளை நிரப்பும் காலத்தில் ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் அங்கு இறங்குகின்றன. ஆழமற்ற உவர்நீரிற் பூநாரைக் கூட்டங்கள் இரை தேடுகின்றன. இவற்றையெல்லாம் 'விருந்தாளிகள்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவது வழக்கமாகியுள்ளது. அச்சொல் அன்பினாற் பிறந்ததாயினும் அதன் விளைவு அன்பானதன்று. விருந்தாளிக்கு உபசாரம் உண்டு, உரிமை இல்லை.

உண்மை யாது? ஆர்க்டிக் பிரதேசத்தில் முட்டையிடும் கரைப்பறவைகள் அங்கு தங்குவது கோடையின் இரண்டு மூன்று மாதங்களே. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இங்கு வந்து சேர்வன ஏப்பிரல் வரை இச்சேற்று நிலங்களிலேயே வாழ்கின்றன. இறகு உதிர்த்துப் புதுப்பிப்பதும், திரும்பும் நெடும்பயணத்துக்கான கொழுப்பைச் சேர்ப்பதும் இங்கேதான். ஆண்டின் பெரும்பகுதியை ஓரிடத்திற் கழிக்கும் உயிரை அவ்விடத்தின் விருந்தாளி என்பது எவ்வகைத் தருக்கம்? மன்னாரிற் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகங்கள் 2021ஆம் ஆண்டில் ருசியாவின் யமால் தீபகற்பம் வரை சென்றமை பதிவாகியுள்ளது. இது வெறும் தொலைவின் வியப்பன்று. யமாலில் அடுத்த தலைமுறை தோன்றுமா என்பதை மன்னார்க் கரையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது என்பதே இதன் பொருள். நாரை தெற்கே வந்து வடக்கே மீளும் என்பதைச் சத்திமுத்தப் புலவர் அறிந்திருந்தார். திட்டமிடுவோர் அறியாதது போன்று நடப்பதற்கு நியாயமில்லை.

சட்டங்கள் இல்லாமலில்லை. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும் 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. வங்காலை 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாகி, 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிற் சேர்ந்தது. ஆயினும், எல்லைக் கல்லுக்கு அப்பால் எதுவும் செய்யலாம் என்ற வாதம் மேலோங்கி நிற்கின்றது. வங்காலையில் இரை தேடும் பறவை மன்னார்த் தீவுக்கும் கட்டுக்கரைக்கும் நாள்தோறும் பறக்கக்கூடியது. அது வரைபடத்தைப் பார்த்துப் பறப்பதில்லை. மன்னார்த் தீவின் தெற்குக் கரையோரத்தில் 30 காற்றாலைகள் கொண்ட மின்நிலையம் 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன்பின் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுத் திட்டமொன்று முன்மொழியப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அதற்கெதிராக வழக்குகள் தொடரப்பட்டன. 2025 பெப்ரவரியில் முதலீட்டு நிறுவனம் விலகியது. மின்விலையை மீளப் பேச அரசு முற்பட்ட வேளையிலேயே அவ்விலகல் நிகழ்ந்தது. பறவைகளின் வாழ்வுரிமை வென்றது என மகிழ்வதற்கு அதில் ஏதுமில்லை.

"சில பறவைகளுக்காக நாடு இருளில் மூழ்குவதா?" எனக் கேட்போர் உளர். காற்று மின்சாரம் அவசியமானதென்பதை மறுப்பதற்கில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதாற் கடல்மட்டம் உயருமாயின் முதலில் மூழ்குவதும் இச்சேற்று நிலங்களே. ஆகவே, வினா காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எங்கே, எத்தனை, யாருடைய சம்மதத்துடன் என்பதே. மேலும், பறவைக்கும் மனிதனுக்கும் பகை மூட்டும் இவ்வாதம் பொய்யானது. 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கும் கனியமணல் அகழ்வுக்கும் எதிராகப் போராடியபோது வெள்ளத்தையும் கடற்றொழிலையும் நிலத்தையும் பற்றியே பேசினர். மழைநீர் தேங்கும் தாழ்நிலமே பறவையின் இரைநிலம். இறாலும் மீன்குஞ்சும் வளரும் கண்டற் சேறே நாரையின் வேட்டைக்களம். ஒன்றை அழித்து மற்றொன்றைக் காத்தல் இயலாது.

எனவே, ஒவ்வொரு திட்டமும் தனித்தனியே மதிப்பிடப்படும் முறை மாறவேண்டும். மின்கம்பிகள், வீதிகள், அகழ்வுகள் அனைத்தினதும் கூட்டு விளைவு, பறவைகள் வந்து மீளும் முழுப் பருவத்திலும் ஆராயப்படல் வேண்டும். வடகிழக்குப் பல்கலைக்கழகங்களின் விலங்கியல், புவியியல் மாணவர்கள் அக்கணக்கெடுப்பைத் தம் பணியாக ஏற்றல் வேண்டும். கரையோர மீனவரின் அறிவு அதற்குத் துணைநிற்கும். எண்ணப்படாத பறவையை இல்லாத பறவையென எழுதுவது அறிக்கை எழுதுவோர்க்கு எளிது. அந்த எளிமையை அவர்களிடமிருந்து பறிப்பதே இன்று அறிவுலகின் முதற் கடமையாகும்.