ஷீனும் ளாதும்

'தூண்டுதல்' என்னும் ஒரே தமிழ்ச் சொல்லைக் கொண்டு அரபு மொழியின் பல வேர்களையும் அளந்துவிடும் வழக்கம் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் ஊறிப்போய்விட்டது. இதனை வெறும் சோம்பல் என்று விட்டுவிட நமக்கு மனமில்லை. இச்சோம்பலின் நிழலில் ஒரு புரட்டு நடந்துவருகிறது.

தஹ்ரீள் என்பது ஒரு சொல். தஹ்ரீஷ் என்பது மற்றொரு சொல். இறுதி எழுத்து ஒன்றே வேறு. அங்கே ளாது, இங்கே ஷீன். நம்பிக்கையாளரைப் போருக்கு ஊக்குமாறு நபிகள் நாயகத்திற்கு (ஸல்) இறைவன் இட்ட கட்டளையில் (8:65) வருவது முன்னது. அதன் வேரான 'ஹரள்' நலிந்து அழியும் நிலையைக் குறிக்கும். யூஸுபை நினைந்துருகிய யஃகூப் நபியிடம் அவர்தம் மக்கள் கூறிய சொல்லும் அதுவே (12:85). அந்நலிவைப் போக்குதலே தஹ்ரீள் என விளக்கும் இமாம் ராகிப் அல்இஸ்பஹானி, நோயாளியைப் பேணுதல் என்ற சொல்லமைப்போடு அதனை ஒப்பிடுகிறார்.

தஹ்ரீஷோ, சேவலைச் சேவல்மீதும் கிடாயைக் கிடாய்மீதும் உசுப்பிவிடுதல். விலங்குகளிடையே இதனைச் செய்வதை நபியவர்கள் தடுத்ததாக அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். மனிதரிடையே கலகம் மூட்டுவதற்கும் அரபியர் இதே சொல்லைத்தான் வைத்தனர். அரபுத் தீபகற்பத்தில் தொழுகையாளிகள் தன்னை வணங்குவர் என்ற நம்பிக்கையை இழந்த ஷைத்தானுக்கு எஞ்சிய தொழில் இதுவே என்பது முஸ்லிமில் வரும் நபிமொழியின் கருத்து.

இவ்வேர் உடும்பு வேட்டையிலும் வழங்கிற்று. இப்னு மன்ளூரின் 'லிஸானுல் அரப்' அதனை விளக்குகிறது. வேடன் வளையின் வாயிலில் சுரண்டுவான். உள்ளிருக்கும் உடும்பு, வந்திருப்பது பாம்பென எண்ணி வாலை வெளியே நீட்டும். வேடன் அந்த வாலைப் பற்றிக்கொள்வான். பாம்பு அங்கே இல்லவே இல்லை!

'சமுதாயத்தைத் தட்டியெழுப்புகிறோம்' என்று 8:65ஐக் கேடயமாக ஏந்துவோரை நாம் கேட்கிறோம்: ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்ற இரு சாராரைக் கிளைச் சட்டம் ஒன்றுக்காகக் கைகலக்க விடுகிறீர்களே, அது ளாதா, ஷீனா? எவருடைய நலிவு நீங்கிற்று? எவர் வால் எவர் கையில் சிக்கிற்று?

ஏழைக்கு உணவளிக்க ஊக்காதவனைத் திருமறை கண்டிக்கும் இடத்தில் (107:3) 'ஹள்ளு' என்னும் வேர் ஒன்றும் இருக்கிறது. இவர்களுடைய மேடைகளில் அச்சொல் மட்டும் ஏனோ ஒலிப்பதில்லை.