நாம் எழுதிய பாடம் யாருக்குச் சொந்தம்? பயிற்சித்தாள்கள் குறித்து எமது நிலைப்பாடு

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வளர்ந்தோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களின் சார்பில் எமது செயற்குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது. இதற்குக் காரணமான, ஓர் ஆங்கிலக் கல்லூரி அனுப்பிய சுற்றறிக்கையை உறுப்பினர்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். தவணை முடிவதற்குள் ஒவ்வோர் ஆசிரியரும் தாம் தயாரித்த பயிற்சித்தாள்கள், ஒலிப்பதிவுகள், ஸ்லைடுகள் அனைத்தையும் கல்லூரியின் பொது டிரைவில் ஏற்ற வேண்டும். அவை கல்லூரிக்கே சொந்தம் என்றும், எந்தத் தொழில்நுட்பத்துடனும் சேர்த்துக் கல்லூரி அவற்றைப் பயன்படுத்தலாம் என்றும் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிடாத, நிரந்தரமற்ற கசுவல் ஆசிரியர்களுக்கு அடுத்த தவணையில் வகுப்புக் கிடைப்பது உறுதியில்லை.

அந்தக் கல்லூரியின் பெயரை இங்கே தவிர்க்கிறோம். அங்கே வேலை செய்யும் உறுப்பினர்களின் பிழைப்பு முதல் காரணம். இதே கோரிக்கை வேறு வடிவங்களில் வேறு இடங்களிலும் தலைகாட்டத் தொடங்கியிருப்பது இரண்டாவது காரணம்.

1. எமது நிலைப்பாடு, சுருக்கமாக

ஆசிரியர் ஊதியமில்லாத நேரத்தில், தன் சொந்த முயற்சியில் எழுதிய பாடப்பொருள் ஆசிரியருக்கே உரியது. நிறுவனத்துக்கு அது வேண்டுமானால் எழுதுவதற்கான நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கட்டும், அல்லது உரிய விலை கொடுத்து, ஆசிரியர் பெயருடன் பயன்படுத்தட்டும். மூன்றாவது வழி இருப்பதாக நாங்கள் கருதவில்லை.

2. இந்தத் தாள்கள் எப்படி உருவாகின்றன

வெளிநாட்டு மாணவருக்கான ஆங்கிலப் பாடநெறிகளின் எலிகோஸ் தரநிலைகளை நாம் எல்லோரும் அறிவோம். வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேர நேரடி வகுப்பு. ஒரு வகுப்பில் அதிகபட்சம் 18 மாணவர். ஆசிரியருக்குப் பிறமொழியாளருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் டீசோல் தகைமை. அந்த 20 மணி நேரத்தை நிரப்பும் பாடம் யாருடைய நேரத்தில் எழுதப்படுகிறது என்ற கேள்வியைத் தணிக்கைக்கு வருபவர்கள் கேட்டு நாம் கண்டதில்லை.

அலுமாரியில் பாடநூல்கள் இருக்கின்றன, உண்மைதான். பெரும்பாலானவை பிரித்தானியப் பதிப்பகங்கள் உலகச் சந்தைக்காக அச்சிட்டவை. அவற்றில் வரும் மனிதர்கள் லண்டனில் ரயில் ஏறுகிறார்கள், பவுணில் காசு கொடுக்கிறார்கள். எம் மாணவருக்கு வேண்டியது ஓப்பல், மைக்கி பயண அட்டைகளும், அரசு நலக்கொடுப்பனவுக்கான சென்டர்லிங்க் கடிதமும், வாடகை வீட்டுப் பத்திரமும். ஏபிசியும் எஸ்பிஎஸ்ஸும் ஆங்கிலம் கற்போருக்காக வெளியிடும் நிகழ்ச்சிகள் கைகொடுக்கின்றன. ஆனாலும் அவற்றை வகுப்பின் நிலைக்கு இறக்கி, கேள்வி எழுதி, பயிற்சியாக்குவது ஆசிரியரின் இரவு வேலை.

மேற்கு சிட்னியில் கற்பிக்கும் உறுப்பினர் ஒருவரின் தாளொன்றைச் செயற்குழு முன்னால் வைத்துப் பார்த்தோம். குடும்ப மருத்துவரின் வரவேற்பாளருக்குத் தொலைபேசி எடுப்பது எப்படி என்பது பாடம். முதல் பக்கத்தில் மெடிகேர் அட்டையின் படம்: பத்து இலக்க எண் எது, பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை இலக்கம் எதற்கு, காலாவதித் திகதி எங்கே. அடுத்து, பல்க் பில்லிங் உண்டா, இல்லையென்றால் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று மரியாதையாகக் கேட்க நான்கு வாக்கியங்கள். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒலிப் பயிற்சி. தமிழில் பகரம் என்ற ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்றபடி இரண்டு விதமாக ஒலிக்கும். ஆங்கிலத்திலோ அவை இரண்டு எழுத்துகள், ஒன்று மாறினால் பொருளே மாறிவிடும். மருந்துக் கடையில் மாத்திரையை (pill) கேட்டால் பற்றுச்சீட்டை (bill) நீட்டுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாமார் எங்கே தடுமாறுவார்கள் என்று தெரிந்த ஒருவரால்தான் அந்தப் பக்கத்தை எழுத முடியும். கூடவே ஓர் ஒலிப்பதிவு. அவுஸ்திரேலிய உச்சரிப்பு வேண்டும் என்பதற்காக இங்கேயே பிறந்த தன் மகளையும் பக்கத்து வீட்டுக்காரரையும் பேசவைத்துக் கைத்தொலைபேசியில் பதிந்திருக்கிறார்.

அந்த உறுப்பினர் தாளின் அடியில் தன் பெயரையும் ஆண்டையும் போட்டிருந்தார். அவர் வேலை செய்யும் இடத்தில் இப்போது சுற்றில் இருக்கும் பிரதியில் அந்த வரி இல்லை. அந்த இடத்தில் நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது. மகளின் குரல் அப்படியே இருக்கிறது.

இதைக் கண்டு கோபப்படாமல் ஓர் அறிக்கை எழுத எங்களால் முடியவில்லை.

3. சம்பளத்துக்கு வேலையில்லை, உரிமைக்கு வேலையா?

1968ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 35ஆம் பிரிவு, 6ஆம் உட்பிரிவு: ஒரு தொழிலாளி தன் வேலை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுக்கு அமைய எழுதியது முதலாளிக்கு உரியது. கசுவல் ஆசிரியரும் தொழிலாளியே. ஆகவே சட்டம் முழுவதும் எங்கள் பக்கம் என்று உறுப்பினர்களிடம் சொல்ல மாட்டோம். ஒவ்வொருவரின் ஒப்பந்தத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறலாம்.

ஆனால் நிர்வாகங்கள் இரண்டு கதை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் நான்கு மணி நேரம் எழுதினோம், அதற்குச் சம்பளம் தாருங்கள் என்று கேட்டபோது வந்த பதில் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: அதை நாங்கள் எழுதச் சொல்லவில்லை, வகுப்புக்குத் தேவையான தயாரிப்பு மணிக்கூலிக்குள் அடக்கம், அதற்கு மேல் செய்வது உங்கள் சொந்த விருப்பம். சரி, சொந்த விருப்பம் என்றே வைத்துக்கொள்வோம். சொந்த விருப்பத்தில் எழுதியது எப்படி வேலை ஒப்பந்தத்துக்கு அமைய எழுதியதாகும்? வேலை என்றால் அந்த நான்கு மணி நேரத்துக்கும் சம்பளம் எங்கே? சம்பளம் கேட்கும்போது வேலையில்லை, உரிமை கேட்கும்போது வேலை என்பது நியாயமா என்று எந்த நிர்வாகமாவது எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

பாடநூலைத் திறந்து அடுத்த நாள் வகுப்புக்குக் குறிப்பெடுப்பதை நாங்கள் தனியே கணக்குக் கேட்கவில்லை. அது தயாரிப்புத்தான். கல்லூரி வாங்கித் தராத பாடநூலை ஆசிரியரே பக்கம் பக்கமாக எழுதி முடிப்பதைத் தயாரிப்பு என்று எந்த அகராதியிலும் அடக்க முடியாது.

இந்த நாட்டில் ஒரு காலத்தில் பாடப்பொருள் எழுதுவது கூலியுள்ள வேலையாக இருந்தது. போருக்குப் பின் 1940களின் இறுதியில் புலம்பெயர்ந்தோருக்கான ஆங்கில வகுப்புகள் தொடங்கியபோது பாடங்களை எழுதியது மத்திய அரசின் கல்வி அலுவலகம். ஜோர்ஜ் பிட்மனும் அவருடைய குழுவினரும் அங்கே சம்பளத்துக்கு அமர்ந்து உருவாக்கியதே சூழல்வழி ஆங்கிலப் பாடமுறை. பின்னாளில் சிட்னி மக்வாரி பல்கலைக்கழகத்தில் இயங்கிய தேசிய ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு மையமும், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் புலம்பெயர்ந்தோர் ஆங்கிலச் சேவையும் ஆசிரியர்களின் பெயரை அட்டையில் போட்டே நூல்களை வெளியிட்டன. 1990களிலிருந்து நாடு முழுவதும் புழங்கிய பேச்சு, எழுத்து ஆங்கிலச் சான்றிதழ்ப் பாடத்திட்டம் பிறந்தது அந்தச் சேவையில்தான். இன்று அந்தச் சேவையே இல்லை. டெண்டரில் வெல்வதும் தோற்பதுமாக நிறுவனங்கள் மாறுகின்றன. பாடப்பொருள் எழுதும் வேலை மட்டும் ஒழியவில்லை. அது சம்பளத்தை இழந்து ஆசிரியரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. புலம்பெயர்ந்தோருக்கான அரசின் ஆங்கிலத் திட்டமான ஏஎம்இபி வகுப்புகள் விக்ரோரியாவின் பாடச் சட்டகத்துக்கு மாறியபோது பழைய தாள்களையெல்லாம் புதிய மதிப்பீடுகளுக்கு ஏற்ப இரவிரவாகத் திருத்தியவர்கள் எங்கள் உறுப்பினர்கள். வீட்டுக்கு வந்த வேலைக்குக் கூலி வரவில்லை. இப்போது வேலையின் பலனை எடுத்துப்போக மட்டும் ஆள் வருகிறது.

4. ஒப்பமிட்டால் என்ன இழப்போம்

எங்களில் பலர் சனி, ஞாயிறுகளில் கோயில் மண்டபங்களிலும் நூலகங்களிலும் முதியோருக்கும், விசா முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போருக்கும் இலவசமாக ஆங்கிலம் கற்பிக்கிறோம். அரசின் வகுப்புக்குத் தகுதி பெறாதவர்களுக்கு அதுவே ஒரே வகுப்பு. அங்கே கொடுப்பதும் நாங்கள் எழுதிய இதே தாள்கள். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால், வென்ட்வேர்த்வில்லிலோ டண்டினோங்கிலோ ஒரு பெரியவருக்கு எங்கள் சொந்தத் தாளை நீட்டவும் கல்லூரியின் அனுமதி வேண்டியிருக்கும். 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி 95,000க்கு மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசும் இந்த நாட்டில், தமிழரின் தேவை அறிந்து எழுதப்பட்ட ஆங்கிலப் பாடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றையும் பூட்டிவைக்க நாங்கள் உடன்பட மாட்டோம்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். படைப்புகளை அனுமதியின்றி எடுத்து நுண்ணறிவுச் செயலிகளைப் பயிற்றத் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு விதிவிலக்கு வழங்கப்படாது என்று 2025 ஒக்டோபரில் மத்திய சட்டமா அதிபர் மிஷெல் ரோலண்ட் அறிவித்தார். எழுதுபவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பாதுகாப்பு உரிமை வைத்திருப்பவருக்கே போகும். அதை எழுதிக் கொடுத்துவிட்ட ஆசிரியர் வாசலுக்கு வெளியே நிற்பார். சுற்றறிக்கையில் இருக்கும் தொழில்நுட்பம் பற்றிய அந்த ஒரு சொற்றொடர் எதற்காக அங்கே இருக்கிறது என்று நிர்வாகம் இதுவரை விளக்கவில்லை.

5. ஏனைய விடயங்கள்

கல்லூரிகளின் நெருக்கடி: மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்ந்ததில் ஆங்கிலக் கல்லூரிகள் அடிபட்டதை ஏற்கிறோம். குறுகிய காலப் பாடநெறிகளுக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கொள்கையளவில் ஆதரிக்கிறோம்.

நகலெடுத்தல்: பத்து வீதம் அல்லது ஓர் அத்தியாயம் என்ற வரம்பை உறுப்பினர்கள் மதிக்க வேண்டும். போதிய நூல்களை வாங்குவது நிறுவனங்களின் பொறுப்பு.

கசுவல் வேலை: 2024 ஓகஸ்ட் 26 முதல் நடைமுறையிலுள்ள புதிய வரைவிலக்கணத்தின் கீழ் நிரந்தரமாகும் வழிகளைப் பற்றித் தனியே எழுதுவோம்.

தாய்மொழி ஆங்கிலம் அல்லாத ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பதில் நடக்கும் பாகுபாட்டை ஏற்கெனவே கண்டித்துள்ளோம். அதில் மாற்றமில்லை.

6. உறுப்பினரிடையே உள்ள கருத்து வேறுபாடு

கல்வியைப் பகிர்வது ஆசிரியரின் கடமை, அதற்கு விலை பேசலாமா என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். அக்கேள்வியின் பின்னால் இருக்கும் மனதை மதிக்கிறோம். ஆசிரியருக்கு ஆசிரியர் கொடுத்து வாங்குவதை இந்த அமைப்பு எப்போதும் ஊக்குவித்தே வந்திருக்கிறது. பகிர்வது வேறு, பறிப்பது வேறு. பகிர்பவர் அடுத்த நாளும் தன் பொருளை எடுத்துப் பாடம் நடத்தலாம். ஒப்பமிட்டவரால் முடியாது.

கூட்டாக ஒப்பமிட மறுக்கும்படி உறுப்பினர்களைப் பணிக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. வகுப்பை இழந்தால் வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். ஆகவே தற்போதைக்குக் கீழ்வருபவற்றை அறிவுரையாகவே முன்வைக்கிறோம்.

7. உறுப்பினர்களுக்கு

தொழிற்சங்கத்திடமோ சட்டத்தரணியிடமோ காட்டாமல் ஒப்பமிடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் எலிகோஸ் ஆசிரியர்களை உள்ளடக்கும் சுயாதீனக் கல்வித் தொழிற்சங்கத்தில் சேராதவர்கள் இப்போதே சேருங்கள். தாள் ஒவ்வொன்றிலும் பெயரும் திகதியும் இடுங்கள். மூலக் கோப்புகளைச் சொந்தக் கணினியில் வையுங்கள். எழுதிய நேரத்தைக் குறித்து வாருங்கள். பிறர் நூலின் படங்களை உங்கள் தாளில் ஒட்டாதீர்கள். எங்கள் உரிமையைக் கேட்கும் நாங்கள் பிறர் உரிமையிலும் சுத்தமாக இருக்க வேண்டும்.

8. நிர்வாகங்களிடம் கேட்பவை

சுற்றறிக்கையை மீளப் பெறுங்கள். பாடப்பொருள் எழுத வேண்டுமானால் அதற்கென ஊதியமுள்ள மணிநேரத்தை அட்டவணையில் காட்டுங்கள். ஏற்கெனவே பயன்படுத்தும் தாள்களில் ஆசிரியர் பெயரைத் திரும்பப் போடுங்கள். 2000ஆம் ஆண்டுத் திருத்தம் முதல், படைத்தவர் பெயரால் அறியப்படும் உரிமையைச் சட்டம் பதிப்புரிமையிலிருந்து தனியாகவே காக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறோம். ஒப்பமிடுவதையும் வகுப்பு ஒதுக்குவதையும் ஒன்றோடொன்று முடிச்சுப்போடுவதை உடனே நிறுத்துங்கள்.

பேசித் தீர்க்கவே விரும்புகிறோம். அதற்காகச் செயற்குழு எந்த நிர்வாகத்துடனும் எந்த நாளும் உட்காரத் தயார். அதேவேளை, ஒப்பமிட மறுத்ததற்காக எங்கள் உறுப்பினர் ஒருவருக்கேனும் வகுப்பு மறுக்கப்பட்டால் அவருடைய முறைப்பாட்டை அவரைத் தனியே சுமக்க விடமாட்டோம். அதை அமைப்பின் பெயரிலேயே, தொழிற்சங்கத்துடன் சேர்ந்து, உரிய இடங்களுக்குக் கொண்டுசெல்வோம்.

— செயற்குழு