எம்.சி.ஏ.வா, எம்.எஸ்சி.யா, எம்.இ.யா? உயர்கல்வித்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு உயர்கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் படிக்கும் பிள்ளைகளுக்காக இந்த மடலை எழுதுகிறேன். நான் கணினி அறிவியல் கற்பிப்பவள். மூன்றாம் ஆண்டு முடியும் நேரத்தில், "மேல என்ன படிக்கிறது மேடம்?" என்று கேட்டு வருகிறார்கள். பெரும்பாலோர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. பேருந்து வசதியும் கட்டணமும் பார்த்து ஏதோ ஒன்றில் சேர்ந்துவிடுகிறார்கள். சேர்ந்த படிப்பு எந்த வேலைக்குத் தகுதி தரும், எதற்குத் தராது என்பது பட்டம் வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது.

எம்.எஸ்சி. முடித்து நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறினால் கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகலாம். அதே ஆள் பொறியியல் கல்லூரியின் கணினிப் பொறியியல் துறைக்கு விண்ணப்பித்தால், அங்கே பி.இ.யும் எம்.இ.யும் கேட்கிறார்கள். உதவித்தொகையிலும் வேறுபாடு உண்டு: கேட் தேர்வுத் தகுதியோடு எம்.இ., எம்.டெக். சேர்பவருக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) மாதம் 12,400 ரூபாய் தருகிறது, எம்.சி.ஏ.வுக்கும் எம்.எஸ்சி.க்கும் அந்தத் தொகை கிடையாது. இவ்வளவையும் சேருவதற்கு முன்பே சொல்லியாக வேண்டாமா?

எம்.சி.ஏ. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020-21 முதல் அது மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டுப் படிப்பானது. பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவர்கள் முன்பே நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடிந்ததால், அவர்களுக்கு இதில் பெரிய இழப்பில்லை. இழந்தவர்கள் பி.எஸ்சி. கணிதம், இயற்பியல், பி.காம். படித்துவிட்டு வருபவர்கள். நிரல் எழுதுவது, தரவுக் கட்டமைப்பு, கணினியின் உள்ளமைப்பு என எல்லாவற்றையும் அடியிலிருந்து கற்றுக்கொள்ள அவர்களுக்கு அந்த முதலாண்டு இருந்தது. இப்போது அதற்குப் பதிலாக பிரிட்ஜ் கோர்ஸ். வழக்கமான பாடங்களோடு கூடவே அது நடந்தால், ஜாவாவும் தரவுத்தளமும் ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு ஃபார் லூப் பழகும் நிலை வருகிறது. கடைசி செமஸ்டர் பெரும்பாலும் புராஜெக்ட்டுக்குப் போய்விடும். மிஞ்சுகிற மூன்று செமஸ்டரில் அந்தப் பிள்ளை எப்போது நிமிரும்? கணிதத்தில் கெட்டிக்கார மாணவிகள் முதல் செமஸ்டரிலேயே இரண்டு மூன்று அரியர் வைத்து, தங்களுக்குக் கணினி வராது என்ற முடிவுக்கு வந்துவிடுவது எனக்குத் தாங்கமுடியாத வேதனை. அவர்களுக்குக் கணினி வரும். காலம்தான் கொடுக்கப்படவில்லை.

படிப்பின் ஆண்டுக் கணக்கு டெல்லியில் எடுத்த முடிவு. ஆனால் பிரிட்ஜ் கோர்ஸை எப்போது, யார், எப்படி நடத்துவது என்பதில் மாநில அரசு நிறையச் செய்ய முடியும். சேர்க்கை முடிந்ததும் வகுப்பு தொடங்கும் முன் ஆறு வாரம், ஆய்வகத்தோடு, அரசுக் கல்லூரிகளில் கட்டணமின்றி நடத்துங்கள்.

அடுத்தது கேட் தேர்வு. பொறியியல் மாணவர்கள் மட்டும்தான் எழுத முடியும் என்றே எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அறிவியல் பட்டதாரிகளும் எழுதலாம், எம்.சி.ஏ. முடித்தவர்களை கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக்.குக்குச் சேர்த்துக்கொள்ளும் ஐ.ஐ.டி.களும் உண்டு. கணினி அறிவியல் தாளின் 100 மதிப்பெண்ணில் 15 பொதுத் திறனுக்கு, 13 கணிதத்துக்கு. மீதமுள்ள 72-இல் கணிமைக் கோட்பாடும் கம்பைலரும் அல்காரிதமும் வருகின்றன. நம் பி.எஸ்சி. பாடத்திட்டங்கள் பலவற்றில் இவை மேலோட்டமாகவே இருக்கின்றன, அல்லது இல்லவே இல்லை. பாடத்தில் இல்லாததைத் தேர்வில் எழுதச் சொல்லி அந்த மாணவரின் திறமையை எடைபோடுவது நியாயமாகாது.

சென்னையை அடுத்த சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. கோட்பாட்டுக் கணினி அறிவியலில் உலகம் மதிக்கும் இடம். எம்.எஸ்சி. கணினி அறிவியலும் தரவு அறிவியலும் அங்கே உண்டு. சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு. திருச்சி என்.ஐ.டி.யின் எம்.சி.ஏ.வுக்கு நிம்செட் என்னும் நுழைவுத் தேர்வு. எங்கள் மாணவர்களுக்குத் தமிழ்நாட்டின் டான்செட் நுழைவுத் தேர்வு தெரிகிறது, இவை இரண்டும் தெரிவதில்லை. தமிழ்நாட்டு மண்ணிலேயே இருக்கும் இந்த வகுப்பறைகளுக்கு மற்ற மாநிலப் பிள்ளைகள் விண்ணப்பித்து வருகிறார்கள்.

ஆகவே கேட்கிறேன். ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போதே ஒவ்வொரு அரசுக் கல்லூரி மாணவர் கையிலும் தமிழில் ஒரு கையேடு இருக்கட்டும்: எந்தப் பட்டம் எந்த வேலைக்குத் தகுதி, எந்தத் தேர்வு எந்த மாதம், உதவித்தொகை எதற்கு உண்டு, எதற்கு இல்லை. மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியில் கேட், நிம்செட் பயிற்சி வகுப்பு சனிக்கிழமைகளில் நடக்கட்டும். நான் முதல்வன் திட்டத்தின்கீழ் இதைச் செய்ய வழியிருக்கிறது. எம்.சி.ஏ., எம்.எஸ்சி. சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு மாநில அரசே மாதாந்திர உதவித்தொகை ஒன்றை அறிவித்தால், பெண்ணை மேலே படிக்கவைக்கத் தயங்கும் பல வீடுகளில் பேச்சு மாறும்.

பயிற்சி வகுப்பு எடுக்க என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த டான்செட் அறிவிப்பு வருவதற்குள் கையேடாவது வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியை ஒருவர்