பாறையில் எழுதும் பெயர்கள்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடப்பவர்கள் இரு வகைப் பெயர்களைக் காண்பார்கள். குகையில் தமிழ்ப் பிராமியில் வெட்டப்பட்டவை ஒரு வகை. வந்துபோனவர்கள் பெயிண்டாலும் ஆணியாலும் எழுதியவை மறு வகை. இவையும் ஈராயிரம் ஆண்டு கழித்துக் கல்வெட்டாகிவிடும் என்று நண்பர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. அரிட்டாபட்டிக் குகையில் பெயர் பெற்றவன் துறவியர் தங்க அக்குகையை அமைத்துக் கொடுத்தவன். கொடுத்த பின்பே பெயர் எழுதினான். மழைநீர் உள்ளே வழியாதபடி முகப்பில் காடி வெட்டும் அக்கறை அக்காலத்துக் கொடையில் இருந்தது. நாமோ காலி பாட்டிலை விட்டுவிட்டுக் கையெழுத்திடுகிறோம்.

அதற்காக மலையைப் பூட்டிவிட வேண்டும் என்பாரோடும் என்னால் சேர இயலாது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பு, 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024 நவம்பரில் இப்பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போயிற்று. அறிவிப்புப் பலகை அதைத் தடுக்கவில்லை. மேலூர் வட்டாரத்து மக்கள் திரண்டு எதிர்த்த பின்னரே 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010இல் எழுந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. மாதந்தோறும் மக்களைக் குன்றுகளுக்கு அழைத்துச் செல்லும் 'பசுமை நடை' அந்த எதிர்ப்பின் தொடர்ச்சிதான். யாரும் நடக்காத குன்று கோப்பில் வெறுங்கல்லாகவே தெரியும். ஆகவே நடப்பவர்கள் வேண்டும். இன்னும் அதிகமாக வேண்டும் என்றே சொல்வேன்.

ஆனால் எப்படி நடப்பது? விடியலில் ஏறினால், இரவின் குளிர்ச்சி நீங்காத பாறையில் அமர்ந்து, கீழே குளங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சம் பெறுவதைக் காணலாம். மலையில் விழும் மழைதான் அக்குளங்களுக்கு இறங்குகிறது; பாறைக் குழியில் நாம் எறியும் பிளாஸ்டிக்கும் உடன் இறங்கும். லகர் வல்லூறு போன்ற அரிய பறவைகள் வாழும் செங்குத்துப் பாறைகளின் அடியில் செல்பேசியில் பாட்டு வைப்பது முறையா? உடைந்த மதுப்புட்டி, ஆடு மேய்ப்பவரின் காலைத்தான் முதலில் கிழிக்கும்.

அண்மைக்காலமாக வழிகாட்ட என்று பாறைகளில் அம்புக்குறி தீட்டுகிறார்கள். நல்லெண்ணந்தான், இருந்தாலும் வேண்டாம். அந்த ஒற்றையடிப் பாதைகள் ஆடுகளும் ஆட்களும் போட்டவை. வழி தெரியாவிட்டால் ஊரில் கேட்கலாம். பெரும்பாலும் யாராவது ஒருவர் சற்றுத் தூரம் கூடவே வந்து காட்டுவார்.