சாஃபிக் வந்தபோது கைதட்டினோமே!

எங்கள் ஜேடிதியின் முன்னாள் மத்தியத் திடல் ஆட்டக்காரர் ஒருவர் சிலாங்கூருக்குப் போகலாம் எனப் பேச்சு எழுந்தாலே போதும், ஜொகூர் பாரு மாமாக் கடைகளில் தே தாரிக்குக்கு முன்பே 'துரோகி' பட்டம் மேசைக்கு வந்துவிடும். நானும் சொன்னவன்தான். ஆனால், 2013இல் சாஃபிக் ரஹிம் எங்கிருந்து வந்தார்? சிலாங்கூரிலிருந்து! குணாளனும் அங்கே ஆடியவர்தான். அவர்களுக்குக் கைதட்டினோம். 2015இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்றபோது சாஃபிக்தான் கேப்டன்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் கிளப் அனுப்பினால் அது நிர்வாக முடிவு. முப்பதைத் தாண்டியவர், கால் ஓடும்வரை ஆடலாம் என்று தானே கிளம்பினால் மட்டும் துரோகமா?

எதிரணிச் சட்டையில் அவர் சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்கு வரட்டும். பந்து அவர் காலில் இருக்கும்வரை கூச்சல் போடுவேன். ஆட்டம் முடிந்ததும் எழுந்து கைதட்டுவேன்.