கடை ஊழியர்களையும் கணக்கில் சேருங்கள்

தியாகராய நகர் பனகல் பூங்காவை ஒட்டி மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்காகத் தரைக்கடியில் நிலையம் அமைக்கிறார்கள். கட்டுமானப் பணியிடத்தில் 250 தொழிலாளர்கள் இருந்தால் பாதுகாப்பு அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு. தொழிற்சாலை என்றால் 500 பேர், அபாயகரமான செய்முறை உள்ள ஆலை என்றால் 250, சுரங்கம் என்றால் 100. பட்டியல் இத்தோடு முடிந்துவிடுகிறது. பூங்காவைச் சுற்றிப் பல மாடிகள் எழுப்பி நூற்றுக்கணக்கானவர்களை வேலைக்கு வைத்திருக்கும் துணிக்கடையும் நகைக்கடையும் பாத்திரக்கடையும் அதில் இல்லை. அடையாற்றின் மருத்துவமனைகளும் ஹோட்டல்களும் இல்லை. ஒரே எண்ணிக்கை ஆட்கள், ஒரே தெரு. மண் தோண்டுகிறவருக்கு ஒரு நியாயம், புடவை மடிக்கிறவருக்கு இன்னொரு நியாயம் என்பதை ஏற்க முடியாது. தமிழக அரசு இதை மாற்ற வேண்டும். அதில் ஒரு பகுதிக்கான அதிகாரம் அதன் கையிலேயே இருக்கிறது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் கடைகள் விடுபட்ட காரணம் விளங்கும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் முதலில் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியே கிடையாது. 1976-இல் செய்த திருத்தம்தான் ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்கு அப்படி ஒருவர் வேண்டும் என்றது. 1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவு நடந்தது. 1987-இல் அபாயகரமான செய்முறைகளுக்குத் தனி அத்தியாயமே சேர்ந்தது. ஆயிரம் இப்போது 500 ஆகக் குறைந்திருப்பது வரவேற்க வேண்டியதே. ஆனால் அதே சட்டத் தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் ஆலையைத் 'தொழிற்சாலை' என ஏற்பதற்கான வரம்பைப் பத்துப் பேரிலிருந்து இருபதாகவும், மின்சாரம் இல்லாத ஆலைக்கு இருபதிலிருந்து நாற்பதாகவும் உயர்த்திவிட்டது. எப்படிப் பார்த்தாலும் சட்டம் எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தது புகைபோக்கியும் இயந்திரமும்தான். தியாகராய நகரின் கடைவீதியான உஸ்மான் சாலை அதில் தென்படவில்லை.

உஸ்மான் சாலையில் என்ன நடக்கக்கூடும் என்பதோ நமக்கு நன்றாகத் தெரியும். 2008 செப்டம்பர் 1 அன்று அதே பகுதியின் ரங்கநாதன் தெருவில் பெரிய கடை ஒன்று தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலையில் ஏழு மாடி சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. உள்ளே தங்கியிருந்த ஊழியர்களைத் தீயணைப்புத் துறையினர் மீட்டார்கள். ஒரு நாளுக்கும் மேலாக எரிந்த கட்டடத்தின் ஒரு பகுதி மறுநாள் இடிந்து விழுந்தது. மிச்சத்தை இடிக்கும் வேலையில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். விடியற்காலை என்பதால் அன்று கடையில் வாடிக்கையாளர்கள் இல்லை. அதே தீ தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பற்றியிருந்தால் என்னாகியிருக்கும் என்பதை இந்த நகரம் நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிறது. அந்த அச்சம் சட்டமாக இன்னும் மாறவில்லை.

தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சான்று ஆய்வு நடந்த நாளின் நிலையைச் சொல்லும். ஆடித் தள்ளுபடி தொடங்கும் வாரத்தில் மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்து இறங்கி, இடமில்லாமல் மாடிப்படியில் அடுக்கப்படும்போது எந்த ஆய்வாளரும் அங்கே நிற்கப்போவதில்லை. அவசர வழியின் கதவைத் திருட்டுக்குப் பயந்து பூட்டுகிறார்கள். கூடுதல் அலங்கார விளக்குக்குப் பழைய வயரிலேயே இணைப்புக் கொடுக்கிறார்கள். மேல் மாடியில் ஊழியர்களுக்குச் சமைக்கும் இடத்தில் எரிவாயு சிலிண்டரும் பக்கத்திலேயே காலி அட்டைப்பெட்டிகளும் இருக்கின்றன. இவையெல்லாம் தினமும் நடப்பவை. தினமும் பார்த்து, "இதை இப்போதே அகற்று" என்று சொல்ல ஆள் வேண்டும். தென்மாவட்டக் கிராமத்திலிருந்து வந்து, கடை கொடுத்த விடுதியில் தங்கி வேலை செய்யும் இருபது வயதுப் பெண்ணால் மாடி மேலாளரிடம் அதைச் சொல்ல முடியுமா? சொல்லும் அதிகாரத்தைப் பதவியாக்கி ஒருவரிடம் தருவதுதான் பாதுகாப்பு அலுவலர் என்ற ஏற்பாட்டின் பொருள்.

தீ மட்டுமே ஆபத்து என்று நினைக்கவும் வேண்டாம். நாள் முழுக்க நின்று நின்று காலில் நரம்பு சுருண்டவர்கள், கழிப்பறைக்குப் போகத் தயங்கிச் சிறுநீர்த் தொற்றோடு வாழும் பெண்கள் ஆகியோரின் துன்பம் எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறாது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது நமது சட்டப்பேரவை. கேரளத்துக்கு அடுத்து அதைச் செய்தது தமிழகம்தான் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் நாற்காலி போட்டாயிற்றா, போட்ட நாற்காலியில் உட்கார விடுகிறார்களா என்று கடைக்குள் இருந்தபடி கவனிக்க யாரையும் நியமிக்கவில்லை. சட்டம் உரிமையைத் தந்தது. அதைக் காப்பாற்ற ஆள் தரவில்லை.

இரண்டாம் கட்ட மெட்ரோவுக்குக் கடன் தரும் ஜப்பானைப் பாருங்கள். அங்கே 1972-இல் வந்த சட்டம் பத்துப் பேரிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறது. பத்து முதல் 49 பேர் வரை உள்ள இடத்தில் பாதுகாப்பு, உடல்நலத்துக்கெனப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். ஐம்பதைத் தொட்டால் எந்தத் தொழிலானாலும் தகுதி பெற்ற உடல்நல மேலாளர் ஒருவரும் பணியிட மருத்துவரும் கட்டாயம். 200 பேரைத் தாண்டினால் உடல்நல மேலாளர்கள் இருவர், 500-ஐத் தாண்டினால் மூவர் என்று ஏறிக்கொண்டே போகும். பாதுகாப்பு மேலாளர் வைக்க வேண்டிய தொழில்களின் பட்டியலில் பல்பொருள் அங்காடிகளும் உண்டு. ஜெர்மனியில் ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்றே கணக்கு. ஆபத்து கூடிய தொழிலுக்கு மணி நேரமும் கூடும். ஊழியர் எண்ணிக்கைக்கும் ஆபத்தின் அளவுக்கும் ஏற்பப் பொறுப்பு படிப்படியாக வளர வேண்டும் என்பதே இரு நாடுகளின் அணுகுமுறை. 249 வரை பூஜ்யம், 250-இல் திடீரென்று ஒருவர் என்ற நமது முறைக்கு அப்படி எந்த நியாயமும் இல்லை.

எனவே தமிழகத்தில் பத்துப் பேர் உள்ள ஒவ்வொரு கடையிலும் பயிற்சி பெற்ற பொறுப்பாளர் ஒருவர், ஐம்பது பேரிலிருந்து பாதுகாப்புக் குழு, 250 பேரிலிருந்து முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் என்ற வரிசை வர வேண்டும். மூன்று மாடிக்கு மேல் உயர்ந்த கடைக்கு அந்த 250-ஐ நூறாகக் குறைப்பதே முறை. பத்து என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த எண் அல்ல. பத்துப் பேர் இருந்தாலே உள்ளகப் புகார்க் குழு அமைக்கச் சொல்கிறது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். இ.எஸ்.ஐ.க்கும் அதே பத்துதான். புதிய சட்டத் தொகுப்பும் பத்துப் பேர் உள்ள நிறுவனத்தைத் தன் எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டது. அதன் 22-ஆம் பிரிவு, எந்த வகை நிறுவனத்திலும் பாதுகாப்புக் குழு அமைக்கும்படி உரிய அரசு ஆணையிடலாம் என்கிறது. கடைகளைப் பொறுத்தவரை உரிய அரசு தமிழக அரசுதான். குழுவுக்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

தலைகளை எப்படி எண்ணுவது என்பதில்தான் ஏமாற்று நடக்கும். அதை முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும். ஒரே கட்டடத்தில் தரைத்தளம் அப்பா பெயரில், முதல் மாடி மகன் பெயரில் என்று நிறுவனங்களைப் பிரித்துக் காட்டலாம். துப்புரவும் காவலும் ஒப்பந்தக்காரர் ஆட்கள்; பிராண்டு கவுன்ட்டரில் நிற்பவருக்குச் சம்பளம் தருவது வேறு கம்பெனி. தீ ஊதியப் பட்டியலைப் பார்த்துப் பரவாது. ஆகவே ஒரு கூரையின் கீழ் உச்ச நேரத்தில் வேலை செய்யும் அத்தனை பேரையும் சேர்த்தே எண்ண வேண்டும். பண்டிகைக் காலத் தற்காலிக ஊழியர்கள் இதில் கட்டாயம் அடங்க வேண்டும். கட்டடத்தின் வழிகள் அவர்களுக்குத்தான் மற்ற எவரையும்விடக் குறைவாகத் தெரியும்.

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி ஆறேழு பேரோடு நடக்கும் மெஸ்களும் பலகாரக் கடைகளும் என்ன செய்யும்? தனி அலுவலர் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, கேட்கவும் கூடாது. ஒரு தெருவுக்கு அல்லது ஒரு வணிகர் சங்கத்துக்குப் பொதுவாக ஒருவரை அமர்த்தலாம். கூட்டு ஏற்பாடு தமிழகத்துக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் ஆலைகள் கூட்டாகச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தி வந்திருக்கின்றன. ஆனால் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். எல்லோருக்கும் பொது என்பது எவருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடக் கூடாது. பொது அலுவலரின் பெயரும் அவர் கையொப்பமிட்ட ஆய்வுத் தேதியும் ஒவ்வொரு கடையிலும் எழுதியிருக்க வேண்டும்.

செலவு அதிகம், இது இன்னொரு 'இன்ஸ்பெக்டர் ராஜ்' என்ற எதிர்ப்பு கட்டாயம் வரும். சிறு வணிகர்கள் சொன்னால் அதில் உண்மை உண்டு. அதனால்தான் பொது ஏற்பாட்டைச் சொல்கிறோம். பெரிய கடைகளுக்கு அந்த வாதம் பொருந்தாது. மாடிதோறும் கேமரா, அவற்றைப் பார்க்க ஓர் அறை, வாசலில் பையைச் சோதிக்கக் காவலர்கள் என்று சரக்கைக் காக்க ஆள் வைக்க முடிந்தவர்களால் உயிரைக் காக்கவும் ஓர் ஆளை வைக்க முடியும். மனிதவள மேலாளருக்கோ காவல் கண்காணிப்பாளருக்கோ கூடுதல் பொறுப்பாக இதை ஒட்டவைப்பதையும் அனுமதிக்கக் கூடாது. விற்பனை இலக்கு உள்ள எவரும் விற்பனையை நிறுத்தச் சொல்ல மாட்டார். அலுவலர் நேரடியாக உரிமையாளரிடம் பேசுபவராகவும், ஆபத்து என்று கண்டால் ஒரு மாடியை அப்போதே மூட வைக்கும் அதிகாரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். குழுவில் ஊழியர் தரப்பு நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது. அதில் விற்பனைத் தளத்தில் நிற்கும் பெண்கள் இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் இடமில்லை. பாதுகாப்பு அலுவலர்களைப் பயிற்றுவிக்கும் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் சர்தார் பட்டேல் சாலையிலேயே இருக்கிறது. உண்மையான முட்டுக்கட்டை அரசுத் துறைகளுக்கு இடையில் இருக்கிறது. பாதுகாப்பில் தேர்ந்த தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பணி தொழிற்சாலைகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது. கடைக்குள் நுழையும் தொழிலாளர் துறை ஆய்வாளரோ எடைக்கல், குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலாளர் என்று அத்தனையையும் சுமக்கிறார். மின்சுமையையும் வெளியேறும் வழியையும் அளக்க அவருக்கு நேரமில்லை. கடைகளுக்கான பாதுகாப்பு ஆணையை வெளியிடும்போதே இயக்ககத்தின் ஆய்வாளர்களுக்குப் பெரிய கடைகளில் நுழையும் அதிகாரத்தையும் அதற்கேற்ற புதிய பணியிடங்களையும் சேர்த்துத் தர வேண்டும். அடுத்த தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் அந்த ஆணை தியாகராய நகரின் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.